பச்சையடிக்கும் ரோச்

கடந்த மார்கழி மாதம் ஒரு ஞாயிறு பின்நேரம், எமக்கு நன்கு தெரிந்த அண்ணர் ஒருவர் கையில் ஒரு ரோச்சுடன் வீட்டுக்கு வந்திருந்தார். தலையில் பட்டியால் கட்டிக்கொள்ளும் ரோச். நோர்வேஜியர் 'ஹூதலிக்த்' என்பார்களே, அதுதான். ஒஸ்லோவில் விடியப்புறம் 3 மணிக்கு எழும்பிப் பத்திரிகை போடுகிறவர் அவர். மார்கழியில் இங்கு சூரியன் எழும்புவது காலை 9 மணிக்குப் பின்னர்தான் என்பது வாசகர்களுக்குத் தெரிந்ததே. ஆகவே அவருடைய வேலை முழுவதும் அந்த ரோச் வெளிச்சத்திலேதான் நடக்கிறது.

"தம்பி, உதை ஒருக்காப் பாரும். வாங்கி இன்னும் ரெண்டு மாதமாகேல்லை. முதல் நாள் பால் மாதிரி வெள்ளை. நாலு நாளிலை பச்சையடிக்கத் தொடங்கிட்டுது. கடையிலை கொண்டுபோய் மாத்தினன். மாத்தித் தந்ததும் இதே சீர்தான்."

நிறம் மட்டும் என்றால் அவர் இவ்வளவு தூரம் வந்திருக்கமாட்டார். முதற்கிழமை ஒரு மாடிக் கட்டடத்தின் வெளிப்படிகளில் இறங்கிக்கொண்டிருந்தபோது ரோச் திடீரென்று அணைந்துவிட்டது. படியெல்லாம் உறைந்த பனி. கால் வழுக்கி நான்கு படி கீழே போய் விழுந்திருக்கிறார். முழங்காலில் நல்ல காயம்.

"ஊரிலை பழைய ரோச் எண்டால் சாகமுதல் சிவக்கும். நாங்களும் சுதாகரிச்சுக்கொள்ளுவம். இது சொல்லாமல் கொள்ளாமல் நிண்டிட்டுது."

அண்ணர் சொன்ன இந்தக் கடைசி வசனத்தைப் பற்றித்தான் இம்முறை எழுதவேண்டும் என்று நினைத்தோம். பழைய ரோச் சிவப்பதும் புதிய ரோச் பச்சையடிப்பதும் ஒரே காரணத்தால் அல்ல. ஆனால் இரண்டுமே பற்றறியின் நிலையைப் பற்றி எமக்கு ஏதோ சொல்கின்றன.

பழைய ரோச்சில் இருந்தது ஒரு சிறிய பல்ப். அதற்குள் மெல்லிய தங்குதன் இழை. மின்சாரம் பாயும்போது இழை ஏறக்குறைய 2,500 பாகை செல்சியஸ் வரை சூடேறி ஒளிர்ந்தது. கொல்லன் உலையில் இரும்பு முதலில் சிவந்து, பிறகு மஞ்சளாகி, மேலும் சூடேற வெளிறுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. பற்றறி களைக்கக் களைக்க இழையின் சூடு குறையும். சூடு குறைய நிறம் மஞ்சளாகி, செம்மஞ்சளாகி, கடைசியில் தணல் போலச் சிவக்கும். அதாவது அந்த வெளிச்சத்தின் நிறம் என்பது இழையின் வெப்பம். வேறொன்றுமில்லை. 1990 ஆம் ஆண்டு யுத்தம் மீண்டும் தொடங்கியபின் வடக்குக்குப் பற்றறி கொண்டுவரத் தடை இருந்த காலத்தில், அந்தச் சிவப்பை வைத்தே "இன்னும் ரெண்டு நாளைக்குக் காணும்" என்று கணக்குப் போட்டவர்கள் எம்மில் எத்தனை பேர்!

எல்.ஈ.டி ரோச்சில் இழை இல்லை. கடுகளவு, மிளகளவு என்று சொல்லத்தக்க ஒரு சிறிய குறைகடத்தித் துண்டுதான் இருக்கிறது. அது வெள்ளை வெளிச்சம் தருவதே இல்லை என்றால் பலர் நம்பமாட்டார்கள். அது தருவது நீல வெளிச்சம். உங்கள் ரோச்சை நன்றாக அணைத்துவிட்டு முன்பக்கக் கண்ணாடிக்குள் பாருங்கள். (எரியும்போது பார்க்க வேண்டாம்; பிள்ளைகளையும் பார்க்க விடாதீர்கள்.) நடுவில் முட்டை மஞ்சட்கருவின் நிறத்தில் ஒரு பொட்டுத் தெரியும். அதுதான் பொஸ்பர் என்ற மஞ்சள் பொடி பூசிய படை. கீழேயுள்ள துண்டு நீல ஒளியைக் கொடுக்க, பொடி அதில் ஒரு பங்கை விழுங்கி மஞ்சளாக மாற்றி வெளியே விடுகிறது. விழுங்காமல் தப்பி வந்த நீலமும் இந்த மஞ்சளும் கலக்கும்போது எமது கண் அதை வெள்ளை என்று எடுத்துக்கொள்கிறது.

இந்தக் கலவை வந்த கதையும் சுவையானது. சிவப்பு எல்.ஈ.டியை 1962 இல் அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ரிக் நிறுவனத்தில் நிக் ஹொலொன்யாக் செய்து காட்டினார். பிறகு பச்சை வந்தது. பிரகாசமான நீலம் மட்டும் முப்பது வருடம் பிடிகொடுக்கவில்லை. யப்பானில் நகோயாவில் அக்கசாக்கி, அமானோ என்ற இருவரும், தோக்குஷிமாவில் நிச்சியா என்ற கம்பனியில் வேலை செய்த நக்காமுரா என்பவரும் காலியம் நைத்திரைட் என்ற பொருளோடு மல்லுக்கட்டி அதைச் சாதித்தார்கள். நிச்சியா தனது பிரகாசமான நீல எல்.ஈ.டியை 1993 இல் அறிவித்தது. அந்தக் கம்பனியின் பழைய வியாபாரமே தொலைக்காட்சிப் பெட்டிக்கும் குழல் விளக்குக்கும் பொஸ்பர் பொடி செய்வதுதான். நீலம் கைக்கு வந்ததும் மஞ்சள் பொடிக்கு அவர்கள் வெளியே போய்த் தேடவேண்டியிருக்கவில்லை. 1996 இல் வெள்ளை எல்.ஈ.டி சந்தைக்கு வந்தது. நீல எல்.ஈ.டிக்காக அந்த மூவருக்கும் 2014 இல் பௌதிகவியல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆக, இன்றைய ரோச்சின் வெள்ளை என்பது ஒரு கறி மாதிரி. உப்பும் புளியும் அளவாய் இருந்தால் சரி. ஒன்று கூடினாலும் குறைந்தாலும் ருசி மாறும். அளவை மாற்றுகிற காரியங்கள் சில உண்டு.

முதலாவது, பாயும் மின்னோட்டத்தின் அளவு. நீல ஒளி பிறக்கும் படை மிக மிக மெல்லியது, சில நனோமீற்றர் தடிப்பே கொண்டது. அதற்குள் இயல்பாகவே ஒரு மின்புலம் இருக்கிறது. கொஞ்ச மின்னோட்டம் பாயும்போது அந்தப் புலத்தின் கை ஓங்கி, வெளிவரும் நீலம் சற்று நீண்ட அலைநீளத்தில், அதாவது பச்சைப் பக்கமாகச் சரிந்து வரும். மின்னோட்டம் கூடும்போது உள்ளே நெரிசல் ஏற்பட்டு, அந்தப் புலம் மறைக்கப்பட்டு, அலைநீளம் சுருங்கி ஊதாப் பக்கமாக நகரும். நகர்வு ஒரு சில நனோமீற்றர்தான். ஆனால் மஞ்சள் பொடியும் எல்லா நீலத்தையும் ஒரே பசியோடு விழுங்குவதில்லை. 450 நனோமீற்றரை அண்டிய நீலம்தான் அதற்குப் பிடித்த சாப்பாடு. ஆகவே அலைநீளம் கொஞ்சம் நகர்ந்தாலே கலவையின் விகிதம் மாறும். போதாக்குறைக்கு எமது கண் பச்சைக்கும் மஞ்சட்பச்சைக்கும் மிகக் கூர்மையானது. அந்தப் பக்கம் சிறிது கூடினாலும் "பச்சையடிக்குது" என்று உடனே கண்டுபிடித்துவிடும்.

முழுச் சார்ஜில் உச்ச வெளிச்சத்தில் போடும்போது நீலவெள்ளை, பற்றறி இறங்கியபின் அல்லது குறைந்த வெளிச்சத்துக்கு மாற்றியபின் பச்சை கலந்த மஞ்சள்வெள்ளை என்று தெரிவதன் பிரதான காரணம் இதுதான். அண்ணரிடம் விசாரித்தபோது, முதல் நாள் முழுச் சார்ஜ் ஏற்றி உச்சத்தில் போட்டுப் பார்த்திருக்கிறார். வேலைக்குப் போகத் தொடங்கியபின், பற்றறியை மிச்சம் பிடிப்பதற்காகக் குறைந்த வெளிச்சத்தில் வைத்துக்கொண்டு, நாலைந்து நாளைக்கு ஒருக்கால்தான் சார்ஜ் ஏற்றியிருக்கிறார். கடைக்காரர் மாற்றிக் கொடுத்த ரோச்சும் அதே சீரில் நடந்ததில் வியப்பில்லை.

இரண்டாவது வெப்பம். எல்.ஈ.டி குளிர்ந்த விளக்கு என்று ஒரு பேச்சு உண்டு. வெளிச்சம் போகும் பக்கம் சூடு இல்லை என்பது உண்மை. ஆனால் துண்டின் முதுகுப்பக்கம் சூடேறும். உச்ச வெளிச்சத்தில் சில நிமிடம் எரிந்தபின் ரோச்சின் தலைப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். சூடு கூட, மஞ்சள் பொடியின் திறன் சற்றுக் குறையும். மஞ்சள் குறைந்தால் நீலம் முந்தும். மலிவான ரோச்சுகளில், தாங்கக்கூடியதைவிடக் கூடிய மின்னோட்டத்தைத் திணித்துவிடுவார்கள். அவை எரியத் தொடங்கியதும் கோபம் கொண்ட மாதிரி நீலமாய் அடிப்பது இதனால்தான். கொஞ்சம் நல்ல ரோச்சுகளில் தலைப்பகுதி சூடானதும் மின்னோட்டத்தைத் தானாகவே குறைத்துவிடும் ஒரு சிறிய மின்சுற்று இருக்கும். இரண்டு மூன்று நிமிடத்தில் வெளிச்சமும் இறங்கி நிறமும் ஒரு சாயல் மாறினால், பழுது என்று கடைக்கு ஓடவேண்டாம். அது தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்கிறது.

மூன்றாவது குற்றவாளி எமது கண்தான். வீட்டு விளக்குகள் பெரும்பாலும் 2,700 கெல்வின் அளவிலான மஞ்சள் வெளிச்சம் தருபவை. மலிவான ரோச்சுகளோ 6,000, 7,000 கெல்வின் என்று நீலப் பக்கம் நிற்பவை. வீட்டுக்குள் இருந்து வெளியே வந்து ரோச்சை அடித்தவுடன் நீலமாய்த் தெரியும். பத்து நிமிடத்தில் கண் பழகி அதையே வெள்ளை என்று ஏற்றுக்கொள்ளும். ரோச்சில் எதுவும் மாறியிருக்காது. அதோடு வெளிச்சம் மிகவும் குறைந்துபோனால் கண்ணுக்கு முதலில் மங்குவது சிவப்பு; நீலமும் பச்சையும் தாக்குப்பிடிக்கும். செக் நாட்டு உடலியல் அறிஞர் புர்க்கினே பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதைக் கவனித்து எழுதினார். பொழுதுபடும் நேரம் செம்பரத்தம்பூ கறுத்துப்போக, இலை மட்டும் இன்னும் தெரிவதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம்.

எதற்கும் ஒரு சோதனை செய்து பார்ப்போம் என்று அன்று இரவே இருந்தோம். சுவரில் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி, அறையை இருட்டாக்கி, அண்ணரின் ரோச்சை முழுச் சார்ஜ் ஏற்றித் தாளின் ஒரு பாதியில் விழ வைத்தோம். மறு பாதியில், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, சுவர் மின்சாரத்தில் எரியும் மேசை விளக்கு. ஒப்பிட ஒன்று பக்கத்தில் இல்லாவிட்டால் கண் ஏமாற்றிவிடும் என்பதால்தான் இந்த ஏற்பாடு. கைத்தொலைபேசியில் படம் எடுத்துப் பார்க்கலாமே என்று பிள்ளைகள் சொன்னார்கள். கமரா தானாகவே வெள்ளையைத் திருத்திக்கொள்ளும். அதை நம்ப முடியாது. முதல் அரை மணித்தியாலம் நீலம் கலந்த வெள்ளை. தேநீர் குடித்து, செய்தி பார்த்து, சாப்பிட்டு முடித்து வந்து பார்த்தபோது பிரகாசம் இறங்கிப் பச்சைச் சாயல் தெளிவாகத் தெரிந்தது. பிறகும் நெடுநேரம் அப்படியே எரிந்தது. நாம் படுக்கப் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, கண் சிமிட்டும் நேரத்தில் அணைந்துபோனது. சிவக்கவுமில்லை, மினுங்கவுமில்லை.

ஏன் அப்படி? இந்த வகை ரோச்சில் இருப்பது லித்தியம் பற்றறி. முழுச் சார்ஜில் 4.2 வோல்ற். அளவுக்கு மிஞ்சி இறங்கவிட்டால் பற்றறியே கெட்டுப்போகும் என்பதால், 3 வோல்றுக்குக் கீழே ஓரிடத்தில் ஒரு காவல் சுற்று இணைப்பைத் துண்டித்துவிடும். பழைய பற்றறிக்கு இப்படியொரு காவலாளி இல்லை. அது கடைசித் துளி வரை கொடுத்துவிட்டுத்தான் சாகும். அண்ணர் விழுந்த அன்றைக்கு வெளியே நல்ல குளிரும் இருந்திருக்கிறது. குளிரில் பற்றறிக்குள் இரசாயன வேலை மந்தமாகி, வோல்ற் சட்டென்று இறங்கும். எமது கூடத்துச் சூட்டில் பல மணித்தியாலம் எரிந்த அதே ரோச் வெளியே அந்த அளவுக்கு நின்றுபிடிக்காது.

ஆகவே ரோச் சொல்லாமல் கொள்ளாமல் நின்றது என்று நாம் ஒத்துக்கொள்ள முடியாது. பல நாட்களாகப் பச்சை அடித்துச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. அண்ணர் அதைக் கடைக்காரருக்கான புகாராக எடுத்துக்கொண்டுவிட்டார். இதை அவரிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப அந்தக் கடைக்காரப் பெடியனை வீணாய்ப் பேசிப்போட்டன்" என்றார்.

ஆனால் எல்லா ரோச்சும் இப்படிச் சொல்லும் என்று எண்ணிவிடக்கூடாது. விலை கூடிய சிலவற்றில் பற்றறி இறங்கினாலும் மின்னோட்டத்தை ஒரே அளவில் பிடித்து வைத்திருக்கும் சுற்று உண்டு. முதல் நிமிடத்திலிருந்து கடைசி நிமிடம் வரை ஒரே வெள்ளை. பிறகு இருட்டு. வேறு சிலவற்றில் வெளிச்சத்தைக் குறைப்பதற்கு மின்னோட்டத்தைக் குறைக்காமல், ஒரு வினாடிக்குப் பல நூறு தடவை அணைத்து அணைத்துப் போடுவார்கள். எரியும் கணங்களில் முழு ஓட்டமே பாய்வதால் அவற்றிலும் நிறம் மாறாது. இதைக் கண்டுபிடிப்பது சுகம். குறைந்த வெளிச்சத்தில் வைத்துக்கொண்டு அதன் முன்னால் கையை வேகமாக ஆட்டுங்கள். விரல்கள் பல பலவாகப் பிரிந்து தெரிந்தால் அந்த வகை. பனி கொட்டும் இரவில் விழும் துகள்கள் கோடாகத் தெரியாமல் புள்ளி புள்ளியாகத் தெரிவதும் இதனால்தான்.

எனவே உங்கள் ரோச் எந்த வகை என்று தெரியாமல் அதை நம்பி இருட்டில் இறங்க வேண்டாம். ஒரு விடுமுறை நாளில், நாம் செய்தது போல முழுச் சார்ஜில் எரியவிட்டு, எத்தனை மணித்தியாலம் நிற்கிறது, நிற்பதற்கு முன் நிறம் மாறுகிறதா என்று ஒரு துண்டில் குறித்து வையுங்கள். குளிரில் வேலை செய்பவர்கள் அந்தக் கணக்கில் பாதியைத்தான் நம்ப வேண்டும் என்பது எமது அபிப்பிராயம். வேலைக்குப் புறப்படும்வரை ரோச்சை உடுப்பின் உட்பையில், உடம்புச் சூட்டில் வைத்திருப்பது நல்லது. சாதாரண அல்கலைன் பற்றறி குளிரில் மிகவும் சோர்ந்துபோகும்.

இங்கு ஒரு எச்சரிக்கை. ஊரில் களைத்த பற்றறியை வெயிலில் காயவைத்து இன்னும் கொஞ்சம் பாவித்த பழக்கம் எம்மவர்களுக்கு உண்டு. அதே நினைவில் லித்தியம் பற்றறியை ஹீற்றரின் மேல் வைத்துச் சூடாக்குபவர்களைக் கண்டிருக்கிறோம். தயவுசெய்து செய்யாதீர்கள். அது தீப்பற்றக்கூடிய சாமான். அதேபோல வெளிக்குளிரில் உறைந்து வந்த பற்றறியை வந்த கையோடு சார்ஜில் போடவும் கூடாது. பூச்சியம் பாகைக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து பற்றறி பழுதாகும், ஆபத்தும் வரலாம். ஒரு மணித்தியாலம் வீட்டுச் சூட்டில் கிடக்க விட்டுப் பிறகு போடுங்கள்.

வருடக்கணக்கில் பாவித்த ரோச்சில் நிரந்தரமாகவே நிறம் மாறியிருந்தால் அது வேறு விடயம். துண்டை மூடியிருக்கும் பிளாஸ்ரிக் அல்லது சிலிக்கோன் படை சூட்டிலும் நீல ஒளியிலும் பழுப்பேறியிருக்கும். சார்ஜ் ஏற்றி அதைத் திருத்த முடியாது. வெளிச்ச வட்டத்தின் நடு ஒரு நிறமும் ஓரம் மஞ்சளுமாக இருப்பது பழுதல்ல. பொடிப் படையைச் சரிவாகக் கடந்து வரும் ஒளி கூடத் தூரம் பொடிக்குள் போவதால் மஞ்சள் கூடுகிறது, அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அண்ணர் விழுந்ததும் கைத்தொலைபேசி வெளிச்சத்தில் முழங்காலைப் பார்த்திருக்கிறார். இரத்தம் கபில நிறமாய், சேறு மாதிரித் தெரிய, "சேறுதான்" என்று நினைத்து மிச்சப் பத்திரிகைகளையும் போட்டு முடித்துவிட்டு வீட்டுக்கு வந்துதான் காயத்தின் ஆழத்தைக் கண்டாராம். நீலமும் மஞ்சளும் கலந்த இந்த வெள்ளையில் ஆழ்ந்த சிவப்பு மிகக் குறைவு. இல்லாத சிவப்பை இரத்தம் திருப்பித் தர முடியாது. பிள்ளையின் உடம்பில் சிவந்த தடிப்பு இருக்கிறதா, கண்ணில் மஞ்சள் பூத்திருக்கிறதா, எந்த வயர் கபிலம் எந்த வயர் சாம்பல் என்பதையெல்லாம் மலிவான ரோச் வெளிச்சத்தில், அதுவும் பற்றறி இறங்கிய நேரத்தில், தீர்மானிக்கக்கூடாது. பகல் வெளிச்சத்திலோ நல்ல அறை விளக்கிலோ பாருங்கள். புதிதாக வாங்குபவர்கள் பெட்டியில் சி.ஆர்.ஐ 90 அல்லது அதற்கு மேல் என்று போட்டிருக்கிறதா என்று தேடலாம். அவற்றில் சிவப்பு நன்றாகத் தெரியும். விலை சற்றுக் கூட. பிரகாசம் சற்றுக் குறைவு.

அண்ணரின் முழங்கால் இப்போது ஆறிவிட்டது. ரோச்சை மாற்றவில்லை. ஒவ்வொரு நாளும் வேலையால் வந்து, குளித்துச் சாப்பிட்டபின் சார்ஜில் போடுகிறார். ஜக்கற்றின் உட்பையில் சின்ன ரோச் ஒன்று மேலதிகமாக இருக்கிறது. போன கிழமை தொலைபேசியில் கூப்பிட்டு, அந்தச் சின்னன் வெளிச்சத்தில் பனி புள்ளி புள்ளியாய்த் தெரியுது, இதுவும் பழுதோ என்று கேட்டார்.